பெயர் சூட்டிய போக்சன்

பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு

பிள்ளைக்குப் பெயர் வைப்பது நம் வீடுகளில் ஒரு விழா. தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா, தலைவர் பெயரா என்று உற்றார் உறவினர் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். விண்வெளியிலும் இப்படி ஒரு பெயர் சூட்டு விழா இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அங்கே பெயர் பெறும் பிள்ளைகள் சிறுகோள்கள். கதிரவனைச் சுற்றிவரும் இந்தப் பாறைக் கோள்களுள் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தை நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்துகொண்டே கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் நார்மன் இராபர்ட் போக்சன். இயற்பியல் மாணவர்களாகிய நாம் போக்சன் விகிதம் என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்குகிறோம். அந்தப் போக்சன் முப்பது ஆண்டுகள் சென்னையில் வாழ்ந்து சென்னையிலேயே மறைந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் வரலாற்றைச் சொல்லுமுன் பெயரிடும் வழக்கத்தின் தொடக்கத்தைச் சிறிது பார்த்துவிடுவோம். 1801 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் துறவி புதிய கோள் ஒன்றைக் கண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் சீரிஸ் பெர்டினாண்டியா. சீரிஸ் என்பவள் அத்தீவினர் போற்றிய விளைச்சல் தெய்வம். பெர்டினாண்டு என்பவர் அவரை ஆதரித்த மன்னர். பிற நாட்டு அறிஞர்கள் தெய்வத்தை ஏற்றுக்கொண்டார்கள், மன்னரை விட்டுவிட்டார்கள். சீரிஸ் மட்டுமே நிலைத்தது.

இட்ட பெயரெல்லாம் நிலைப்பதில்லை போலும். அதே வேளையில் முதிரமலைக் குமணன் பெயரைப் பாருங்கள். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தபோதும், பரிசில் நாடி வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் தன் தலைக்குத்தான் இப்போது விலை உண்டு என்று வாளை நீட்டியவன் அவன். எந்த அரசாணையும் இன்றி அப்பெயர் புறநானூற்றில் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயரிலும் அது ஒலிக்கிறது. குமணன்சாவடி, குமணன்சாவடி என்று பேருந்து நடத்துநர் நாள்தோறும் எத்தனை முறை கூவுகிறார்!

சீரிசுக்குப் பின் வந்த பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா ஆகிய மூன்றும் கிரேக்க, உரோமானியப் பெண் தெய்வங்களின் பெயர்களே. அதுவே எழுதாச் சட்டமாகிவிட்டது. 1850 இல் ஹைண்டு என்ற ஆங்கிலேயர் தாம் கண்ட கோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டார். அமெரிக்க வானநூலார் சிலர் உயிரோடு இருக்கும் அரசியின் பெயர் ஆகாது என்று மறுத்தனர். விக்டோரியா என்பது உரோமானியரின் வெற்றித் தெய்வம் அன்றோ என்று சமாதானம் சொல்லப்பட்டது. அரசியைப் புகழவும் வேண்டும், சட்டமும் மீறக்கூடாது! இந்த ஹைண்டுதான் போக்சனுக்கு வழிகாட்டியவர்.

போக்சன் 1829 ஆம் ஆண்டு மார்ச்சு 23 ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தார். நமக்குத் திருப்பூர் எப்படியோ, அந்நாட்டவர்க்கு நாட்டிங்காம் அப்படி. தந்தையார் காலுறை, பின்னலாடை, சரிகைப் பட்டி வாணிகம் செய்தவர். மகனும் வாணிகத்துக்கு வருவான் என்பதே வீட்டாரின் எண்ணம். மகனோ கணிதத்தில் மனம் பறிகொடுத்தார். பதினாறு வயதில் பள்ளியை விட்டார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுக்குள் இரண்டு வால்மீன்களின் பாதைகளைத் தாமே கணக்கிட்டு முடித்திருந்தார். ஹைண்டின் தூண்டுதலால் 1851 இல் இலண்டனில் ஒரு செல்வரின் தனியார் வானாய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே ஆக்ஸ்போர்டில் உள்ள இராட்கிளிப் வானாய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது.

பட்டம் இல்லாத ஒருவர் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும்? இரவெல்லாம் கண் விழிக்க முடியும். சிறுகோள் தேடுவது அக்காலத்தில் அப்படிப்பட்ட வேலைதான். நிழற்படம் அப்போது அதற்குப் பயன்படவில்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே தெரியும் மங்கலான விண்மீன்களையெல்லாம் தாளில் புள்ளி புள்ளியாகக் குறிக்க வேண்டும். மறு இரவும் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். நேற்று இருந்த புள்ளி இன்று சற்று நகர்ந்திருந்தால் அது விண்மீன் அன்று. நூறு இரவுகள் பார்த்தும் ஒரு புள்ளிகூட நகராமல் போகலாம். பொறுமை இல்லாதவர்க்கு இது ஆகாது.

1856 ஆம் ஆண்டு மே 23 அன்று ஒரு புள்ளி நகர்ந்தது. அதுவே போக்சன் கண்ட முதற்சிறுகோள். வரிசையில் 42 ஆவது. நிலையத்தின் தலைவராயிருந்த ஜான்சன் அதற்கு ஐசிஸ் என்று பெயர் வைத்தார். ஐசிஸ் எகிப்தியரின் தாய்த்தெய்வம். ஆக்ஸ்போர்டு வழியே ஓடும் தேம்ஸ் ஆற்றுக்கு அவ்வூரார் வழங்கும் பெயரும் ஐசிஸ். அது மட்டுமா? 1852 இல் போக்சனுக்குப் பிறந்த மகளின் பெயரும் எலிசபெத் ஐசிஸ். அந்தக் குழந்தையை மனத்தில் வைத்தே ஜான்சன் பெயரைத் தேர்ந்தார் என்று கருதுவோர் உண்டு. சிறு வயதிலேயே வானத்தில் பெயர் பெற்ற அப்பெண்ணைப் பின்னால் மீண்டும் சந்திப்போம்.

அடுத்த ஆண்டில் அரியாட்னே, ஹெஸ்டியா என இரண்டைக் கண்டார். ஹெஸ்டியா என்ற பெயரைப் போக்சனின் வேண்டுகோளின்படி கடற்படைத் தளபதி ஸ்மித் தேர்ந்தெடுத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரேக்கரின் ஹெஸ்டியாவும் உரோமானியரின் வெஸ்டாவும் ஒரே அடுப்படித் தெய்வம். வெஸ்டாவோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வானில் ஏறிவிட்டாள். ஆக, முருகன் என்றும் சுப்பிரமணியன் என்றும் ஒரே வகுப்பில் இருவர் இருப்பதுபோல, ஒரே தெய்வம் இரண்டு பெயரில் இரண்டு கோள்களாய்ச் சுற்றுகிறது.

நம் பாடநூலில் உள்ள போக்சன் விகிதம் பிறந்ததும் இந்த 1856 இல்தான். விண்மீன்களின் ஒளியைக் கிரேக்கர் காலத்திலிருந்தே ஆறு படிகளாகப் பிரித்து வந்தார்கள். மிகப் பொலிவானது முதற்படி. கண்ணுக்கு அரிதில் தெரிவது ஆறாம் படி. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வேறுபாடு எவ்வளவு என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தனர். முதற்படி விண்மீன் ஆறாம் படி விண்மீனைப்போல் நூறு மடங்கு ஒளியுடையது என்று வைத்துக்கொள்வோம் என்றார் போக்சன். ஐந்து படி இடைவெளிக்கு நூறு மடங்கு என்றால், ஒரு படிக்கு நூறின் ஐந்தாம் மூலம், அதாவது 2.512 மடங்கு. இதை அவர் ஏதோ தத்துவ ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. 36 சிறுகோள்கள் 1857 ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஒளியோடு தெரியும் என்று முன்கூட்டியே பட்டியல் போட வேண்டியிருந்தது. சிறுகோள் நெருங்கினால் பொலியும், விலகினால் மங்கும். அதைக் கணக்கிட ஒரு நிலையான விகிதம் தேவைப்பட்டது. தேவைக்காகக் கண்ட அந்த எண்தான் இன்றுவரை உலகம் முழுவதும் வழங்குகிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு கொஞ்சமன்று. எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுந்தது போலப் பாடநூலில் கிடக்கும் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஓர் இளைஞரின் மாதப் பட்டியல் இருக்கிறது!

1860 அக்டோபரில் சென்னை அரசாங்க வானநூலார் பதவி போக்சனுக்குக் கிடைத்தது. மனைவி மக்களுடன் கப்பல் ஏறி 1861 தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்தார். அப்போதே நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம் எழுபது ஆண்டுப் பழமை உடையதாக இருந்தது. 1786 இல் எழும்பூரில் பெட்ரி என்பவர் சொந்தச் செலவில் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. இந்தியாவின் நில அளவைக்கு நெடுங்கோட்டு ஆதாரம் தந்தது இந்த இடம். பின்னாளில் நாட்டின் புகைவண்டிகளெல்லாம் இந்நிலையம் கணித்த சென்னை நேரத்தைப் பார்த்தே ஓடின. 1906 இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வரும்வரை இந்தப் பெருமை நுங்கம்பாக்கத்துக்கு இருந்தது.

அந்த இடம் இப்போது மண்டல வானிலை ஆய்வு மையமாக விளங்குகிறது. உலக வானிலை நாளில் எங்கள் பேராசிரியர் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். போரூர், வடபழனி நெரிசலில் நின்றுகொண்டே போய் இறங்கினேன். வானிலைக் கருவிகளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் தேடியது ஒரு கருங்கல் தூணை. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக 1792 இல் நிறுத்திய பதினெட்டு அடித் தூண் அது. அதைச் சார்ந்த கல்வெட்டில் தமிழும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை அறியட்டும் என்பது அதன் கருத்து. ஆரியபடரும் பாஸ்கரரும் வாழ்ந்த நாட்டில் முதன்முதலாம்! அந்தச் செருக்கைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் தூண் உறுதியானது. எங்கள் ஊர்ச் சாலையில் மெட்ரோ தூண்களை எழுப்ப எத்தனை இயந்திரங்கள் வந்தன என்று பார்த்தவள் ஆதலால், இயந்திரம் இல்லாத காலத்தில் அதை நிறுத்தியவர்களின் கைகளை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் அன்று தோன்றியது. உலக வானிலை நாள் மார்ச்சு 23. போக்சன் பிறந்த நாளும் மார்ச்சு 23.

போக்சன் சென்னைக்கு வந்து சில திங்களே ஆகியிருந்தன. 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு புள்ளி நகர்ந்தது. ஆசியக் கண்டத்திலிருந்து மனிதர் கண்டுபிடித்த முதற்சிறுகோள் அது. வரிசையில் 67 ஆவது. அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். ஆளுநர் பெயரை வைத்திருந்தால் அரசாங்கத்தின் அருள் கிடைத்திருக்கும். அவர் வைத்ததோ நாம் வாழும் கண்டத்தின் பெயர். எழுதாச் சட்டமும் மீறப்படவில்லை, ஏனெனில் கிரேக்கக் கதைகளில் ஆசியா என்றொரு கடல்மகளும் உண்டு. ஹைண்டு அரசிக்காகச் செய்த உபாயத்தை இவர் ஒரு கண்டத்துக்காகச் செய்தார். என் கருத்தில் இவர் செய்ததே மேல்.

பின் 1864 மே திங்களில் சாப்போ. இவள் தெய்வம் அல்லள். கிரேக்க நாட்டில் உண்மையாக வாழ்ந்த பெண்பாற் புலவர். நமக்கு ஔவையார், ஒக்கூர் மாசாத்தியார் போல. 1866 இல் சில்வியா, 1868 இல் கமில்லா. இவ்விரண்டும் பெரியவை. சில்வியா ஏறத்தாழ 270 கிலோமீட்டர் குறுக்களவு உடையது. போக்சன் காலத்தில் அது வெறும் ஒளிப்புள்ளி. 2001 இல் அதற்கு ஒரு நிலவும், 2004 இல் இரண்டாவது நிலவும் தெரியவந்தன. இரண்டு நிலவுகளோடு காணப்பட்ட முதற்சிறுகோள் அதுவே. உரோமானியக் கதைப்படி சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ். நிலவுகளுக்கு அவையே பெயராயின. நுங்கம்பாக்கத்தில் பெயர் பெற்ற தாய்க்கு நூற்று நாற்பது ஆண்டுக்குப்பின் பிள்ளைகளும் கிடைத்தார்கள். கமில்லாவுக்கும் இரண்டு நிலவுகள் உண்டு என்று பின்னர் அறியப்பட்டது.

போக்சன் தனியாளாக இத்தனையும் செய்துவிடவில்லை. அவருடைய தலைமை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்து, வெள்ளையர் நிலையத்தில் தொலைநோக்கி பிடித்தவர். 1867 இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் ஒரு விண்மீன் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதை அவர் கண்டுபிடித்தார். 1868 கதிரவன் மறைப்பின்போது போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போக, ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குத் தனிக்குழுவை நடத்திச் சென்றார். 1874 இல் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்ச்சி என்று மக்களுக்கு விளங்க நம் நாட்டு மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். கண்ணால் காணும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்று திருக்கணித முறைக்காக வாதாடினார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் திருக்கணிதம் என்ற சொல்லைப் பார்க்கும்போது அவரையும் நினைக்கலாம். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1880 இல் மறைந்தார்.

ஆனால் பெயர்க் கணக்கில் அவருக்கு ஒரு குறை. சிறுகோளைக் கண்டவர் பெயர் வைக்கலாம். மாறுவிண்மீனைக் கண்டவர்க்கு அந்த உரிமை இல்லை. அந்தந்தக் கூட்டத்தில் முதலில் அறியப்பட்ட மாறுவிண்மீனுக்கு ஆர், அடுத்ததற்கு எஸ் என்று எழுத்துப் போட்டு நிறுத்திவிடுவார்கள். ரகுநாதாச்சாரி கண்டதற்கு ஆர் என்ற ஓர் எழுத்தே கிடைத்தது.

மசூலிப்பட்டினத்தில் போக்சன் கண்டதையும் சொல்ல வேண்டும். முழு மறைப்பின்போது கதிரவன் விளிம்பில் எழும் தீச்சுடர்களை நிறமாலைக் கருவியால் பார்த்தபோது மஞ்சள் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. அன்று அதைக் கண்டவர்கள் பலர். போக்சன் அவர்களுள் ஒருவர். அக்கோடு சோடியத்துக்கு உரியதன்று, புதியதொரு தனிமத்துக்கு உரியது என்பது பின்னர்த் தெளிவாகி, ஹீலியம் என்ற பெயர் வந்தது. கதிரவனின் கிரேக்கப் பெயரே அது.

1872 இல் இன்னொரு நிகழ்ச்சி. நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் மழைபோல் பொழிந்தன. காணாமற்போன பீலா வால்மீனின் துகள்களே அவை என்று கருதிய ஜெர்மானிய அறிஞர் கிளிங்கர்பியூஸ், வால்மீன் தென்வானில் தெரியும், தேடிப் பாருங்கள் என்று போக்சனுக்குத் தந்தி அடித்தார். டிசம்பரில் சென்னை வானத்தைப் பற்றி நமக்குச் சொல்லவா வேண்டும்? மேகம் விலகிய இரண்டு நாள் காலையில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டேவிட்டார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. பின்னாளில் கணக்கிட்டவர்கள் அது பீலாவாக இருக்க இயலாது என்றனர். ஒன்றைத் தேடப் போய் முன்பின் அறியாத வேறொன்று கண்ணில் பட்டு மறைந்தது.

இனி மகள் ஐசிசின் கதை. 1869 இல் தாய் இறந்தார். பதினொரு குழந்தைகள் பிறந்த குடும்பம் அது. 1873 இல் ஐசிஸ் தந்தையின் நிலையத்திலேயே கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 150 ரூபாய். சமையற்காரருக்கும் வண்டியோட்டிக்கும் தரும் சம்பளம் அது என்று எழுதியிருக்கிறார்கள். 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைக் கண்காணிப்பும் அவர் பொறுப்பாயிற்று. 1886 இல் போக்சன் தம் மகளின் பெயரை அரச வானியற் கழக உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தார். ஒரு பெண்ணின் பெயர் அக்கழகத்தின் முன் அவ்வாறு வந்தது அதுவே முதல் தடவை. கழகம் வழக்கறிஞர்களைக் கேட்டது. 1831 ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறுப்பினரை ஆண்பாற் சொல்லால் குறித்திருப்பதால் பெண் உறுப்பினராக முடியாது என்று அவர்கள் கருத்துரைத்தார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. நிலையத்து உதவியாளருக்கு 1872 இல் திறந்த கதவு, பதின்மூன்று ஆண்டுகள் அங்கேயே கணக்கிட்ட மகளுக்கு ஒரு சொல்லால் மூடிக்கொண்டது. அவர் பெயர் கொண்ட கோளோ முப்பது ஆண்டுகளாக எந்தச் சாசனத்தையும் கேளாமல் சுற்றிக்கொண்டிருந்தது!

இந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்கு வேறு பாடம் ஓடவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பதிவேட்டில் ஏறிய முதற்பெயர் என்னுடையது. என் ஆயாவின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் வாக்காளர் அட்டையில் வேறு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் அவர் படித்ததில்லை. எது சரி என்று கேட்டால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேனே, போதாதா என்பார். போதாது என்பது என் எண்ணம். போக்சனும் அப்படி எண்ணித்தான் மகளுக்காக அந்தத் தாளில் கையெழுத்திட்டிருப்பார்.

ஐசிஸ் வேலையை விடவில்லை. தந்தைக்குப் பின்னும் பணியாற்றி 1898 இல் ஓய்வு பெற்றார். 1902 இல் கென்ட் என்ற கப்பல் தலைவரை மணந்தார். பெண்களுக்குக் கழகத்தின் கதவு 1916 இல் திறந்தது. 1920 இல் ஐசிஸ் கென்ட் என்ற பெயரில் உறுப்பினரானார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1945 இல் காலமானார்.

போக்சனுக்குக் கமில்லாவுக்குப் பின் பதினாறு ஆண்டுகள் புதிய கோள் எதுவும் கிட்டவில்லை. விண்மீன் இடங்களை அளக்கும் பெரும்பணி, மறைப்புப் பயணங்கள், வானிலைக் குறிப்பு என்று நாள்கள் போயின. 1883 இல் மறுமணம் செய்துகொண்டார். 1885 பிப்ரவரி 6 அன்று, ஐம்பத்தைந்தாம் வயதில், கடைசிச் சிறுகோளைக் கண்டார். அதன் பெயர் வெரா. இலத்தீனத்தில் உண்மையானவள் என்று பொருள். 1891 ஜூன் திங்களில் சென்னையில் உயிர் நீத்தார். ஆண்டுக்கணக்கில் அவர் குவித்து வைத்திருந்த விண்மீன் அளவைகளை அடுத்து வந்த மிச்சி ஸ்மித் அச்சேற்றி முடித்தார். நிலையத்தின் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்குப் போயிற்று. போக்சன் மறைந்த அதே 1891 இன் டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் உல்ப் என்பவர் நிழற்படத் தகட்டில் முதன்முதலாக ஒரு சிறுகோளைப் பிடித்தார். தொலைநோக்கி வாங்கப் பணம் தந்த புரூஸ் என்ற அம்மையாரின் பெயரால் அதற்குப் புரூசியா என்று பெயர் வைத்தார். கண்ணையும் தாளையும் நம்பியிருந்த காலம் முடியத் தொடங்கிவிட்டது.

பெயர் வைக்கும் முறையும் மாறியது. பெண் தெய்வங்கள் தீர்ந்துபோயின. 1898 இல் ஈராஸ் என்ற ஆண் பெயர் நுழைந்தது. இன்று எண் பெற்ற சிறுகோள்கள் ஏழு இலட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவை ஏறத்தாழ இருபத்தையாயிரமே. பாதை ஐயமறத் தெரிந்த பிறகே ஒரு சிறுகோளுக்கு எண் கொடுப்பார்கள். அதன்பின் பத்தாண்டுகள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டவர்க்கு உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். பதினாறு எழுத்துக்கு மிகக்கூடாது. வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வணிகப் பெயர் ஆகாது. அரசியல் தலைவரோ படைத்தலைவரோ என்றால் மறைந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வளர்ப்பு விலங்கின் பெயரும் வேண்டாம் என்பார்கள். ஒருவர் தம் பூனையின் பெயரை வைத்துவிட்டதால் வந்த வினை இது! காசு கொடுத்தால் விண்மீனுக்கு உங்கள் பெயர் வைக்கிறோம் என்று விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். வானத்தில் பெயர் விற்பனைக்கு இல்லை. ஆனால் அறிவியற் போட்டியில் வென்ற பள்ளி மாணவர்களின் பெயர்கள்கூட அங்கே ஏறியிருக்கின்றன. நம் சென்னை சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் 4538 ஆவது சிறுகோளுக்கு 2015 இல் கிடைத்தது. 1958 ஆவது சிறுகோள் இயற்பியல் மேதை சந்திரசேகரின் பெயரால் சந்திரா எனப்படுகிறது.

போக்சன் கண்ட வெராவுக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் இருந்து ஒரு சிறுகோளும் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று சவ்வாது மலைக் காவலூரில் இராஜமோகன் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். 4130 ஆவதான அதற்கு இராமானுஜன் என்று பெயர். பட்டம் பெறாத போக்சனின் தொடர்ச்சியாக வந்தது, கல்லூரித் தேர்வில் தவறிய கணித மேதையின் பெயர்!

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இத்துறையில் வழக்கமன்று. எட்டுக் கோள்களைக் கண்ட போக்சனும் தமக்கொன்றை ஒதுக்கிக்கொள்ளவில்லை. 1968 இல் சுவிட்சர்லாந்தில் பால் வில்டு என்பவர் கண்ட சிறுகோளுக்குப் போக்சன் என்று பெயர் சூட்டினார்கள். அதன் எண் 1830. அது கண்டறியப்பட்ட நாள் ஏப்ரல் 17. நுங்கம்பாக்கத்தில் ஆசியா நகர்ந்த அதே நாள், 107 ஆண்டுகள் கழித்து. அதற்கும் ஒரு நிலவு உண்டு.

ரகுநாதாச்சாரிக்காக யாரேனும் முன்மொழிந்தால் விதி தடுக்காது. அவர் அரசியல்வாதியல்லர், படைத்தலைவர் அல்லர், மறைந்தும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்து ஆங்கில ஏடுகளில் அவர் பெயர் அச்சான முறையிலேயே, இடைவெளி விடாமல் எழுதி எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். பதினைந்து வருகிறது.